படிப்பு ஏறவில்லை என்பதற்கு முன்

(பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

பெற்றோர்களே, ஆசிரிய நண்பர்களே, வணக்கம்.

"இவனுக்குப் படிப்பே ஏற மாட்டேங்குது சார்" என்ற புகாரைக் கேட்காமல் பணி ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் யாரும் இருக்க முடியாது. இந்தப் புகார் வந்தால் நான் மார்க் ரிஜிஸ்டரைத் திறக்க மாட்டேன். பையனைக் கூப்பிட்டு, "காலையில என்னப்பா சாப்பிட்ட?" என்றுதான் கேட்பேன்.

இந்தக் கேள்வி நம் ஊருக்குப் புதிதல்ல. 1920-இல் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்த பிட்டி தியாகராயர், ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் சிற்றுண்டி கொடுக்க ஏற்பாடு செய்தார். பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேல் போகக்கூடாது என்பது கணக்கு. அடுத்து காமராசரின் மதிய உணவு, 1982-இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, பிறகு முட்டை, 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவு. கட்சிகள் மாறின, தட்டு மட்டும் பெரிதாகிக்கொண்டே வந்தது. சோற்றுக் கதை உங்களுக்கே தெரியும், அதை நீட்ட வேண்டாம்.

கண்ணுக்கு வருகிறேன். கிட்டப்பார்வை உள்ள பிள்ளை "எனக்குத் தெரியவில்லை" என்று தானாக வந்து சொல்லாது. உலகமே எல்லோருக்கும் இப்படி மங்கலாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்ளும். கரும்பலகையில் எழுதுவதைப் பக்கத்தில் இருப்பவன் நோட்டைப் பார்த்து எழுதும். நாம் அதற்குக் 'காப்பி அடிக்கிறான்' என்று பெயர் வைத்து, கடைசி பெஞ்சுக்கு அனுப்புவோம். அங்கே இன்னும் தெரியாது!

ஆறு மீட்டர் தள்ளி, ஆங்கில 'E' எழுத்து பல பக்கம் திரும்பியிருக்கும் அட்டையை மாட்டி, ஒரு கண்ணை மூடச் சொல்லி, எழுத்தின் கால் எந்தப் பக்கம் என்று விரலால் காட்டச் சொல்ல டாக்டர் தேவையில்லை, வகுப்பாசிரியரே போதும். சந்தேகம் வந்தால் பரிசோதனைக்கு அனுப்பலாம். கண்ணாடி வந்தபின் இன்னொரு வேலை இருக்கிறது. 'சோடாபுட்டி' என்று யாராவது கூப்பிட்டால் அன்றைக்கே கண்ணாடி பைக்குள் போய்விடும். மறுவாரம் அது மூக்கின்மேல் இருக்கிறதா என்று பார்ப்பதும் பாடம் நடத்துவதில் சேர்த்திதான்.

மாத்திரை விஷயமும் அப்படித்தான். குடற்புழு இருந்தால் உடம்பில் இரும்புச்சத்து குறையும், ரத்தசோகை வரும், பிள்ளை மத்தியானம் தூங்கி வழியும். அதற்குத்தான் பூச்சி மாத்திரையும் இரும்புச்சத்து மாத்திரையும் தருகிறார்கள். சாப்பிட்டபின் போட வேண்டும், கூடவே டீ குடிக்கக் கூடாது, மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம். இதை முன்கூட்டியே வீட்டுக்குச் சொல்லாவிட்டால் மாத்திரை ஜன்னல் வழியாகப் போகும். சொல்லாதது நம் குற்றம், பிள்ளையின் குற்றம் இல்லை.

கடைசியாகக் கழிப்பறை. மேடையில் பேச எல்லோருக்கும் கூச்சம், எனக்கு இல்லை. கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, வாளியில் தண்ணீர் இல்லை என்றால் பெண் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. அதனால் தலைவலி, நீர்க்கடுப்பு. மாதவிலக்கு நாளில் பள்ளிக்கே வருவதில்லை. மாதம் இரண்டு நாள் போனால் கணக்கில் எத்தனை பாடம் போகும் என்று கணக்கு டீச்சரே சொல்லட்டும். இதை வைத்துக்கொண்டு தேர்ச்சி விகிதம் பற்றி எவ்வளவு பேசினாலும் பயனில்லை.

கல்வி உரிமைச் சட்டம் இந்தக் குழுவில் முக்கால்வாசி இடத்தைப் பெற்றோருக்கும், மொத்தத்தில் பாதியைப் பெண்களுக்கும் கொடுத்திருக்கிறது. எதிரே உட்கார்ந்திருக்கும் அம்மாமார்களைக் கேட்டுக்கொள்கிறேன்: கூட்டம் முடிந்ததும் டீ குடிக்கப் போகாதீர்கள். நேராகப் போய் அந்தக் கழிப்பறைக் கதவைத் திறந்து பாருங்கள். தாழ்ப்பாள், தண்ணீர், நாப்கின் போடும் கூடை, சுத்தம் செய்பவருக்கு ஒழுங்காகச் சம்பளம் போகிறதா என்பது வரை விசாரியுங்கள். பார்த்ததை இன்றைய தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். நன்றி, வணக்கம்.