முதல் அரைத் தானியங்கி ரைஃபிள்: விலைச்சீட்டுக்கு அப்பால்

நேயர்களுக்கு வணக்கம். குறிசுடுதலைப் பொழுதுபோக்காக எடுத்துக்கொள்ள நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "இருப்பதிலேயே மலிவான அரைத் தானியங்கி ரைஃபிள் எது?" என்றுதான். கேள்வியில் தப்பில்லை. ஆனால் ரைஃபிளை ஒரு தடவைதான் வாங்குகிறோம், தோட்டாவை வாங்கிக்கொண்டே இருக்கிறோம். மாதம் இரண்டு முறை சுடுதளத்துக்குப் போய் ஒவ்வொரு முறையும் நூறு தோட்டா சுட்டால் வருஷத்துக்கு 2400 தோட்டா ஆகிறது. ரைஃபிளில் மிச்சம் பிடித்த காசு சில மாதங்களிலேயே தோட்டாவில் கரைந்துவிடும். அதனால் மாடலைப் பற்றிப் பேசும் முன்பு எந்த வகைத் தோட்டா என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும்.

அதற்கும் முன்னால் சட்டம். அரைத் தானியங்கி என்றால் விசையை ஒரு முறை இழுத்தால் ஒரே ஒரு தோட்டாதான் வெடிக்கும். வெடித்த வேகத்திலேயே காலிக்கூடு வெளியே தெறித்து அடுத்த தோட்டா உள்ளே ஏறிக்கொள்ளும். மறுபடி சுட விசையை விட்டு மறுபடி இழுக்க வேண்டும். இந்த வகைக்கு நாட்டுக்கு நாடு விதி வேறு. பிரிட்டனில் 1988ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு அரைத் தானியங்கி ரைஃபிள்களில் .22 ரிம்ஃபயர் (0.22 அங்குல அளவில், விளிம்பில் ஊசி அடித்து வெடிக்கும் சிறிய தோட்டா) வகைக்கு மட்டுமே இடம். நியூசிலாந்தில் 2019இல் பெரும்பாலான அரைத் தானியங்கிகளைத் தடை செய்தபோதும், பத்துத் தோட்டாவுக்கு மேல் கொள்ளாத .22 ரிம்ஃபயரை விட்டுவைத்தார்கள். ஆஸ்திரேலியாவில் 1996க்குப் பிறகு பொழுதுபோக்குக்காக மட்டும் இதை வாங்க முடியாது. நீங்கள் இருக்கும் இடத்தில் உரிமம், மேகசின் (தோட்டா அடுக்கும் பெட்டி) கொள்ளளவு, பூட்டி வைக்கும் முறை ஆகிய மூன்றையும் எழுத்தில் பார்த்துத் தெரிந்துகொண்ட பிறகு கடைக்குப் போங்கள்.

தோட்டாவைப் பொறுத்தவரை, முதல் ரைஃபிளுக்கு .22 லாங் ரைஃபிளைத் தவிர வேறு எதையும் நான் சொல்ல மாட்டேன். 1887இல் வந்த தோட்டா அது. இன்றும் உலகில் மிக அதிகமாகச் சுடப்படும் தோட்டாக்களில் ஒன்று. குண்டின் எடை வழக்கமாக 40 கிரெயின், அதாவது சுமார் 2.6 கிராம். தோளில் உதை என்று சொல்லும்படி எதுவும் இராது. .223 போன்ற சென்டர்ஃபயர் (அடியின் நடுவில் ஊசி அடிக்கும்) தோட்டா ஒன்றின் விலைக்கு .22 பல வாங்கலாம். சென்டர்ஃபயர் ரைஃபிள்களின் சத்தமும் உதையும் புதியவரைக் கண்ணை மூடிக்கொண்டு விசையைப் பறிக்கப் பழக்கிவிடும். ஒட்டிக்கொண்ட அந்தப் பழக்கத்தைப் போக்குவது லேசான காரியமில்லை. போதாததற்கு, 25 மீட்டர், 50 மீட்டர் உள்ளரங்கத் தளங்கள் பலவற்றில் ரிம்ஃபயர் தவிர மற்றதற்கு அனுமதியே கிடையாது.

இனி உள்ளே நடப்பது என்ன என்று கொஞ்சம் பார்க்கலாம். பிற்பாடு வரும் கோளாறுகளில் பாதிக்கு இங்கேதான் காரணம் இருக்கிறது. .22 அரைத் தானியங்கியில் போல்ட் (தோட்டாவின் பின்னால் அடைத்து நின்று முன்னும் பின்னும் நகரும் உலோகத் துண்டு) எதிலும் பூட்டிக்கொள்வதில்லை. அதன் எடையும் பின்னால் இருக்கும் ஸ்பிரிங்கும்தான் அதைப் பிடித்து வைத்திருக்கின்றன. தோட்டா வெடித்ததும் கூடு பின்னால் தள்ளப்பட்டு போல்ட்டையும் சேர்த்துத் தள்ளும். அந்தத் தள்ளு சரியான அளவில் இருக்க வேண்டும். சாதாரண வேகத் தோட்டாவில் குண்டு நொடிக்கு ஏறக்குறைய 325 மீட்டர் வேகத்தில் கிளம்பும், அதிவேகத் தோட்டாவில் 365 முதல் 390 வரை. மலிவு விலை ரைஃபிள்களின் ஸ்பிரிங் பெரும்பாலும் அதிவேகத் தோட்டாவை மனத்தில் வைத்து அமைத்தது. சத்தம் குறைந்த, ஒலியைவிட மெதுவாகப் போகும் சப்சானிக் தோட்டாவைப் போட்டால் போல்ட் பாதி வழியிலேயே திரும்பிவிடும். கூடு வெளியே போகாமல், தான் வெளியேறும் வாயிலில் அடுப்புப் புகைபோக்கி மாதிரி நிமிர்ந்து நிற்கும். துப்பாக்கி கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் தோட்டா வகையை மாற்றினாலே போதும்.

ஆகவே முதல் 500 தோட்டாவுக்கு 40 கிரெயின், உருண்டை மூக்கு, செம்பு பூசிய அதிவேக வகையே போதும். பிறகு சாதாரண வேகத்தைச் சோதியுங்கள். அது தொடக்கத்திலிருந்தே ஒலியின் வேகத்துக்குக் கீழே போவதால் வழியில் ஒலித்தடையைத் தாண்டும் குலுக்கல் இல்லை. 50 மீட்டரில் பல ரைஃபிள்கள் அதில்தான் குண்டுகளை ஒன்றுக்கொன்று நெருக்கமாகச் சேர்க்கும். உங்கள் ரைஃபிள் அதை விக்கல் இல்லாமல் ஏற்றி இறக்கினால் உங்கள் அதிர்ஷ்டம்.

மாடல்களுக்கு வருவோம். ரூகர் 10/22 வந்தது 1964இல். பெயரிலேயே பத்துத் தோட்டா, .22 என்று சொல்லிவிடுகிறது. சுழலும் உருளை அமைந்த மேகசின், ரைஃபிளின் உடற்கட்டைக்கு வெளியே துருத்தாமல் உள்ளே அடங்கிவிடும். எடை சுமார் 2.3 கிலோ, குழல் ஏறத்தாழ 47 சென்டிமீட்டர். குழலைப் பிடித்திருப்பது ஒரு சிறு உலோகத் துண்டும் இரண்டு திருகுகளும்தான் என்பதால் பிறகு வேறு குழல் மாற்ற நினைத்தால் பட்டறைக்குப் போக வேண்டியதில்லை. உதிரிபாகம் கிடைப்பதில் இதற்கு நிகர் இல்லை. குறையும் உண்டு: கடைசித் தோட்டா போனதும் போல்ட் தானாகத் திறந்து நிற்காது. விசை வெறுமனே 'கிளிக்' என்றதும் காலி என்று நினைப்பது ஆபத்து, அது வெடிக்காத தோட்டாவாகவும் இருக்கலாம். தொழிற்சாலையிலிருந்து வரும் விசையும் கனமானது, இரண்டரைக் கிலோ அளவுக்கு இழுக்க வேண்டியிருக்கும். குறி சேர்வதற்கு அது இடைஞ்சல்தான். ஆனால் முதல் வருஷம் விசையைத் தொடாதீர்கள், கை பழகட்டும்.

மார்லின் மாடல் 60, 1960 முதல் வந்தது. குழலுக்கு அடியில் நீளக் குழாயில் தோட்டா அடுக்கும் வகை, பிற்கால மாடல்களில் 14 கொள்ளும். குழலின் உள்ளே குண்டைச் சுழலவைக்கும் மெல்லிய பதினாறு வரிகள், குறி நன்றாகவே சேரும். 2020இல் அதன் தாய் நிறுவனம் திவாலாகி மார்லின் பெயர் ரூகர் கைக்குப் போனது. ஆகவே இதைப் பழைய சந்தையில்தான் தேட வேண்டும். அங்கே ஏராளமாக இருக்கிறது. தொந்தரவு தோட்டா நிரப்பும் முறையில்தான். உள்குழாயை முன்பக்கம் இழுத்து, தோட்டாவை ஒவ்வொன்றாகப் போட வேண்டும். கை குழல் வாயருகே போகும். போல்ட் திறந்திருக்க வேண்டும், வாய்க்கு நேரே விரல் வரக்கூடாது. குழாயில் சின்ன நசுங்கல் விழுந்தாலும் தோட்டா நடுவழியில் நிற்கும். எல்லாம் காலியாகிவிட்டதா என்று ஒரே பார்வையில் சொல்லவும் முடியாது. கழற்றும் மேகசினையே புதியவருக்கு நான் பரிந்துரைப்பது இதனால்தான்.

சாவேஜ் 64, மாஸ்பெர்க் 702 இரண்டும் விலையில் இன்னும் கீழே. பெட்டி மேகசின், எளிய முடிப்பு. காசு உண்மையிலேயே இடிக்கிறது என்றால் வாங்கலாம், ஆனால் கூடுதல் மேகசின் இரண்டு உங்கள் ஊர்க் கடையில் கிடைக்கிறதா என்று முதலில் கேளுங்கள். மேகசின் கிடைக்காவிட்டால் அரைத் தானியங்கியும் ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கிதான். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் எம் அண்ட் பி 15-22, 2009இல் வந்தது. உடல் முழுக்க பாலிமர், எடை குறைவு. பல மாடல்களில் பின்கட்டையை நீட்டிச் சுருக்கலாம் என்பதால் வீட்டில் மூன்று பேர் மாறி மாறிச் சுடும் இடத்துக்குப் பொருந்தும். சில நாடுகளில் தோற்றத்தை வைத்தே இந்த வடிவத்துக்குத் தடை உண்டு.

கடையில் எடுத்துப் பார்க்கும்போது காலியா என்று கண்ணாலும் விரலாலும் சோதித்துவிட்டு, பின்கட்டையின் முனையை முழங்கை மடிப்பில் வையுங்கள். ஆள்காட்டி விரலின் நுனிச் சதை விசையில் இயல்பாக விழ வேண்டும். பெரியவர்களுக்கான கட்டையில் இந்த நீளம் சுமார் 34 சென்டிமீட்டர். குட்டையானவர்களுக்குச் சிறிய மாடல்கள் உண்டு. நீளக் கட்டையோடு மல்லுக்கட்டுகிறவர் முதுகைப் பின்னால் வளைத்து நிற்பார், குறி எங்கோ போகும். இடக்கையாளர்களுக்கு ஒரு சொல்: கூடு வலப்பக்கம் தெறிப்பதால் உங்கள் முகத்துக்கு முன்னால்தான் பறக்கும். கண்ணாடி இல்லாமல் சுடவே வேண்டாம்.

பழையதை வாங்குபவர் ஒரு சிறு டார்ச்சும் காது குடையும் பஞ்சுக்குச்சியும் எடுத்துப் போகட்டும். குழல் வாயின் விளிம்பைச் சுற்றிப் பஞ்சை மெதுவாக உருட்டுங்கள். நூல் எங்காவது மாட்டினால் அங்கே பிசிறு இருக்கிறது. குண்டு கடைசியாகத் தொடும் இடம் அது, அங்கே ஒரு மயிரளவு சிதைவு போதும் குறி சிதற. பிறகு சேம்பரின் (குழலில் தோட்டா உட்காரும் பின்பகுதி) வாயை வெளிச்சத்தில் பாருங்கள். .22 ரிம்ஃபயரில் ஊசி அடிப்பது தோட்டாவின் விளிம்பில். காலியாக இருக்கும்போது விசையை அடிக்கடி இழுத்த ரைஃபிள்கள் சிலவற்றில் அந்த ஊசி சேம்பர் விளிம்பிலேயே மோதி ஒரு சின்னப் பள்ளம் போட்டிருக்கும். பள்ளத்தின் ஓரம் உள்பக்கமாகப் பிதுங்கும், அதில்தான் கூடு சிக்கும். கடைசியாகக் குழலின் உள்ளே வெளிச்சம் காட்டி, வளையம் போல ஒரு கருநிழல் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் குண்டு சிக்கிய குழலில் இன்னொன்றைச் சுட்டு வீங்க வைத்திருக்கிறார்கள். விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.

ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) போடுவதென்றால் ரிம்ஃபயருக்கென்று சொல்லி வாங்குங்கள். அவற்றின் பேரலாக்ஸ், அதாவது கண் நகர்ந்தாலும் குறி நகராத தூரம், சுமார் 45, 50 மீட்டருக்கு அமைந்திருக்கும். பெரிய ரைஃபிள் ஸ்கோப்புகள் 90, 100 மீட்டருக்கு. அதை 25 மீட்டரில் வைத்தால் கண் சற்று நகர்ந்தாலே குறி நகரும். ரைஃபிளின் மேலே 11 மில்லிமீட்டர் வரிப்பள்ளம் இருக்கிறதா, அகல ரயில் இருக்கிறதா என்று பார்த்து அதற்கேற்ற வளையம் எடுங்கள். பெரும்பாலும் கால் மோவா (மோவா என்பது ஒரு பாகையின் அறுபதில் ஒன்று) அளவில் நகரும் ஸ்கோப்பில் திருகின் ஒரு கிளிக் 100 மீட்டரில் 7 மில்லிமீட்டர், 50இல் மூன்றரை, 25இல் 2க்கும் சற்றுக் குறைவு. 25 மீட்டரில் ஐந்து தோட்டாவின் நடுப்புள்ளி 2 சென்டிமீட்டர் இடப்பக்கம் விழுந்தால் வலப்பக்கம் 11 கிளிக். ஒற்றைத் தோட்டாவைப் பார்த்துத் திருகுவது வீண் வேலை.

அடுத்து, எந்தத் தோட்டா உங்கள் ரைஃபிளுக்குப் பிடிக்கிறது என்பது. ஒரே மாடலில் அடுத்தடுத்து வந்த இரண்டு ரைஃபிள்களுக்குக்கூட வெவ்வேறு பெட்டி பிடிக்கும். நான்கு ஐந்து வகையில் ஐம்பது ஐம்பது வாங்குங்கள். வகை மாற்றும்போது முதல் பத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம், குழலில் முந்தைய மெழுகும் ஈயமும் ஒட்டியிருக்கும். பிறகு மணல்மூட்டையில் சாய்த்து, ஐந்து ஐந்தாக நான்கு தொகுதி சுட்டு, சிதறலை அளந்து எழுதுங்கள். மலிவு ரைஃபிளில் 50 மீட்டரில் 3, 4 சென்டிமீட்டருக்குள் ஐந்தும் விழுந்தால் திருப்திப்படலாம். பொருந்திய தோட்டாவில் இரண்டரைக்கு இறங்கும். பிடித்த வகை கிடைத்ததும், அதே தயாரிப்பு எண் கொண்ட பெட்டிகளை மொத்தமாக வாங்கிவிடுங்கள்.

வெடிக்கவில்லை என்றால் குழலைக் குறியை நோக்கியே வைத்து 30 நொடி காத்திருங்கள். தாமதமாக வெடிப்பது உண்டு. பிறகு வெளியே எடுத்து விளிம்பைப் பாருங்கள். ஊசித் தடம் ஆழமாக இருந்தால் குற்றம் தோட்டாவில். விளிம்புக்குள் மருந்து ஒரே சீராகப் பரவாதது ரிம்ஃபயரின் பிறவிக் குறை. தடம் லேசாக இருந்தால் ஊசிக்குழியில் எண்ணெயும் கரியும் கெட்டியாகியிருக்கின்றன, அல்லது போல்ட் முழுக்க மூடவில்லை. இதைவிட முக்கியமானது ஒன்று: வழக்கமான 'டப்' இல்லாமல் 'பஸ்' என்று சத்தம் வந்தால் அடுத்ததைச் சுடாதீர்கள், குண்டு குழலிலேயே சிக்கியிருக்கலாம். காலி செய்து குழலினூடே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்கும்வரை எதுவும் வேண்டாம். தோட்டா ஏறாமல் மூக்கு மோதி நிற்கிறதா? மேகசினை மாற்றிப் பாருங்கள். ஒரே மேகசினில் மட்டும் வந்தால் அதன் உதடு, அதாவது தோட்டாவைப் பிடித்திருக்கும் மேல்விளிம்பு, வளைந்திருக்கிறது. மேகசினில் பெயிண்டால் எண் போட்டு வைப்பது இதற்காகத்தான்.

காதுக்கு உறை, கண்ணுக்குக் கண்ணாடி, இரண்டும் ரைஃபிளோடு சேர்ந்த செலவு. .22 சின்னச் சத்தம்தானே என்பார்கள். காதுக்கு ஒவ்வொன்றும் கணக்கில் ஏறும். தடுப்புச் சுவரைப் பற்றியும் அலட்சியம் கூடாது, இந்தச் சின்னக் குண்டு ஒன்றரைக் கிலோமீட்டர் தூரம் போகக்கூடியது. நீரிலும் கடின நிலத்திலும் தாவித் திசை மாறும்.

சுத்தம் செய்வது 300 முதல் 500 தோட்டாவுக்கு ஒரு தடவை போதும், தினசரி தேய்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. போல்ட்டின் முகம், கூட்டை இழுத்தெடுக்கும் எக்ஸ்ட்ராக்டரின் கொக்கிக்கு அடியில், சேம்பரின் வாய், இந்த மூன்றும்தான் முக்கியம். கொக்கிக்கு அடியில் சேரும் மெழுகுக் கரியைப் பல்குத்தியால் எடுத்துப் பார்த்தால் தெரியும், அரிசி நொய் அளவு போதும் கூடு வெளியேறாமல் நிற்க. எண்ணெய் ஒரு துளிக்கு மேல் வேண்டாம், மிஞ்சியது தூசியைப் பிடித்துக் களிம்பாகும். 10/22 போன்றவற்றில் பின்பக்கம் துவாரம் இல்லாததால் துடைக்கும் கம்பியை முன்வாயிலிருந்துதான் நுழைக்க வேண்டியிருக்கும். அந்தக் கம்பிதான் வாய் விளிம்பைத் தேய்க்கும். கயிறு வகைத் துடைப்பானை சேம்பர் பக்கமிருந்து போட்டு வாய்ப்பக்கம் ஒரே இழுப்பாக இழுத்துவிடுங்கள். வேலை முடிந்ததும், சாப்பாட்டில் கை வைக்கும் முன் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், கையில் ஈயம் இருக்கும். வணக்கம்.