பேட்டரியை எங்கே வைப்பது?

நண்பர்களே, எரிபொருளிலும் பேட்டரியிலும் சேர்ந்து ஓடும் ஹைபிரிட் விமானம் என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது "பேட்டரி எத்தனை கிலோ?" என்றுதான். நியாயமான கேள்வி. ஒரு கிலோ ஜெட் எரிபொருளில் சுமார் 12 கிலோவாட்-மணி ஆற்றல் இருக்கிறது. லித்தியம்-அயன் செல்லில் கிலோவுக்குக் கால் கிலோவாட்-மணியை ஒட்டித்தான் கிடைக்கும். உறையும் குளிரூட்டும் குழாய்களும் சேர்ந்தால் அதுவும் குறையும். எஞ்சினைவிட மின்மோட்டார் வீணாக்குவது மிகக் குறைவுதான், ஆனாலும் இந்தப் பள்ளம் நிரம்பாது. சரி, எடையை ஏற்றுக்கொண்டோம். அதை எங்கே வைக்கப் போகிறோம்? விமானம் ஒழுங்காகப் பறக்குமா என்பது இதில்தான் இருக்கிறது.

விமானத்தின் எடை முழுவதும் ஒரே புள்ளியில் இருப்பதாகக் கொண்டால், அது ஈர்ப்பு மையம். இன்னொன்று நடுநிலைப் புள்ளி. காற்று மூக்கைச் சற்றே தூக்கிவிட்டால், கூடுதலாக வரும் தூக்குவிசை செயல்படும் இடம் இதுதான். ஈர்ப்பு மையம் இதற்கு முன்னால் இருக்கும்வரை மூக்கு தானாகவே கீழே வரும். பின்னால் போய்விட்டால் மேலும் மேலும் ஏறும். ரொம்ப முன்னால் தள்ளினாலும் தொல்லை: வால் கீழ்நோக்கி அதிகமாக அழுத்த வேண்டும், அந்தச் சுமையும் இறக்கையின் தலையில்தான் விழும்.

ஒரு கணக்கைப் பாருங்கள். 2000 கிலோ விமானம், அதில் 300 கிலோ பேட்டரி. அதை அரை மீட்டர் பின்னால் நகர்த்தினால் ஈர்ப்பு மையம் 7.5 சென்டிமீட்டர் பின்னால் போகும். இறக்கையின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் இடையே 1.5 மீட்டர் என்றால், இது அதில் 5 சதவீதம். ஈர்ப்பு மையத்துக்கும் நடுநிலைப் புள்ளிக்கும் நடுவே பொதுவாக விடும் இடைவெளியே 5 முதல் 15 சதவீதம்தான். ஒரு பெட்டியை அரை மீட்டர் தள்ளியதில் அந்த இடைவெளி மொத்தமும் கரைந்துவிடலாம்.

ஹைபிரிட்டில் சிக்கல் இன்னும் ஒரு படி கூடுதல். எரிபொருள் கரையும், பேட்டரி கரையாது. மூக்குப் பக்கம் எரிபொருளும் பின்னால் பேட்டரியும் வைத்தால், பறக்கப் பறக்க ஈர்ப்பு மையம் பின்னால் ஊர்ந்துகொண்டே இருக்கும். வேகம் குறைந்து தரையிறங்கும் நேரத்தில்தான் நிலைத்தன்மை மிகக் குறைவாக இருக்கும். அதனால் எரிபொருள் தொட்டியை ஈர்ப்பு மையத்துக்கு அருகிலேயே வைத்துவிட வேண்டும் என்பேன். சமன்செய்யும் வேலை பேட்டரியுடையது.

பிபிஸ்ட்ரெல் நிறுவனத்தின் வெலிஸ் எலெக்ட்ரோ முழு மின்சார விமானம். 2020 ஜூனில் ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பின் வகைச் சான்று பெற்றது. மொத்தமே 600 கிலோ. அதில் ஒரு பேட்டரி மூக்கில், இன்னொன்று இருக்கைகளுக்குப் பின்னால். சமநிலைக்கு இது நேரான வழி, எனக்குப் பிடித்த வழியும்கூட.

ஆனால் இதற்கும் விலை உண்டு. ஒரு கம்பின் நடுவில் இரண்டு எடைகளைக் கட்டிச் சுழற்றிப் பாருங்கள். அப்புறம் அவற்றை இரண்டு முனைகளுக்கும் நகர்த்திச் சுழற்றுங்கள். சமநிலை அதேதான், ஆனால் திருப்புவதும் நிறுத்துவதும் கடினமாகிவிடும். விமானத்திலும் அப்படித்தான்: மூக்கு எழும்பி இறங்குவது மந்தமாகும், சுழன்று விழும் நிலையிலிருந்து மீள்வது கடினமாகும். ஈர்ப்பு மையம் சரியான இடத்தில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக நிம்மதி அடைந்துவிடக் கூடாது.

தரையிறங்கும் சக்கரமும் கவனம் கேட்கும். ஏர்பஸ் ஏ320நியோ பயணிகள் விமானம் அதிகபட்சம் 79 டன் எடையுடன் கிளம்பலாம், ஆனால் 67.4 டன்னுக்குள்தான் இறங்க வேண்டும். நடுவில் எரிபொருள் எரிந்துவிடும் என்ற நம்பிக்கையில் போட்ட கணக்கு அது. பேட்டரி அப்படி எடை குறையாது. அது எவ்வளவு அதிகமோ, இறங்கும் எடை கிளம்பிய எடைக்கு அவ்வளவு நெருக்கமாக இருக்கும். சக்கரத் தாங்கிகள் அதற்கேற்ப வலுவாக வேண்டும்.

நாளைக்கு இலகுவான பேட்டரி வந்தால் பழையதைக் கழற்றி இதை மாட்டிவிடலாமே என்று கேட்பீர்கள். மாட்டலாம். ஆனால் எடை குறைந்த இடத்தில் ஈர்ப்பு மையமும் நகரும். விமானத்தை மறுபடி தராசில் ஏற்றி, எடை-சமநிலைக் கணக்கைத் திருத்தி எழுதிய பிறகுதான் அதைப் பறக்க விட முடியும்.