குதிரைக்குப் புல் போட்டவன் எங்கே?

நடுவர் அவர்களே, அவையோரே, எதிரணி நண்பர்களே, வணக்கம்.

இடைக்கால இங்கிலாந்தை உள்ளபடி காட்டுவது வீரர் காவியங்களா, யாத்திரை இலக்கியமா என்பது தலைப்பு. எதிரணித் தலைவர் தமக்குக் கொடுத்த நேரம் முழுவதும் காவியங்களின் நாயகரான ஆர்தர் மன்னரும் அவருடைய வீரர்களும் கூடிய வட்ட மேசையைத் துடைத்துப் பளபளப்பாக்கிவிட்டு அமர்ந்திருக்கிறார். 'நைட்' என்று பட்டம் பெற்ற குதிரை வீரன் சொன்ன சொல் தவறமாட்டான், பெண்ணுக்குத் துன்பம் என்றால் ஓடி வருவான், பணிந்தவனைக் கொல்லமாட்டான், அவனே அந்தக் காலத்தின் முகம் என்றார். யாத்திரைக் கதைகளை 'வழிப்போக்கர் அரட்டை' என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கினார். அரட்டைதான் ஐயா, மறுக்கவில்லை. அரட்டையில்தான் மனிதர்கள் தம்மை மறந்து உண்மையைச் சொல்லிவிடுகிறார்கள்.

மக்கள் இங்கிலாந்தின் காண்டர்பரி நகரத்துக்கு யாத்திரை போனது எதற்காக? அங்கே பேராயர் தாமஸ் பெக்கெட்டின் சமாதி இருந்தது. அவர் எப்படி இறந்தார்? 1170 டிசம்பர் 29. கிறிஸ்துமஸ் கழிந்து நான்கே நாள். நான்கு பேர் பேராலயத்துக்குள் ஆயுதத்தோடு புகுந்து அவர் தலையை வெட்டிப் பிளந்தார்கள். வெட்டிய வேகத்தில் ஒருவனுடைய வாள்முனை கல்தரையில் பட்டு முறிந்தது. அந்த நால்வரும் வழிப்பறிக்காரர்களா? நான்கு பேருமே இரண்டாம் ஹென்றி மன்னரின் நைட்டுகள்! ஆயுதம் இல்லாத ஒரு பேராயரை, கோயிலுக்குள். எதிரணியினர் போற்றும் வீர மரபு இதற்கு என்ன காவியம் பாடியது?

மூன்று ஆண்டு முடிவதற்குள் பெக்கெட் புனிதரானார். 1174-இல் மன்னரே வெறுங்காலோடு நடந்து வந்து, துறவிகளிடம் கசையடி பட்டுக்கொண்டார். முறிந்த அந்த வாள்முனைக்கு ஒரு பலிபீடம் அமைத்தார்கள். யாத்திரிகர்கள் அதையும் வணங்கிவிட்டு, உள்ளங்கைக்குள் அடங்கும் ஓர் ஈயக் குப்பியை வாங்கிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டார்கள். பெக்கெட்டின் ரத்தம் கலந்தது என்று நம்பப்பட்ட தண்ணீர் அதில் இருக்கும். யாத்திரை போனதன் அடையாளமாக அணிந்த முத்திரைகள் இன்றைக்கும் தேம்ஸ் ஆற்றுச் சேற்றில் கிடைக்கின்றன. மலிவான ஈயம், வார்ப்பில் ஊற்றி எடுத்தவை. ஏழையும் வாங்கக்கூடியவை. வட்ட மேசையிலிருந்து ஓர் ஆணியாவது கிடைத்ததா என்று எதிரணி சொல்லட்டும்.

இனி, காண்டர்பரி யாத்திரிகர்கள் சொல்லும் கதைகளாகத் தம் நூலை எழுதிய கவிஞர் சாசரிடம் வருகிறேன். திராட்சை மது வணிகரின் மகன். போர் தெரியாதவர் என்று எண்ணிவிட வேண்டாம். பிரான்சில் போருக்குப் போய்ப் பிடிபட்டு, 1360-இல் மீட்புப் பணத்துக்கு மன்னர் 16 பவுன் கொடுக்க, திரும்பி வந்தவர். பிறகு லண்டன் துறைமுகத்தில் கம்பளிச் சுங்கக் கணக்குப் பார்த்தவர். நாள் முழுவதும் மூட்டையையும் மனிதனையும் எடைபோட்ட கண். அந்தக் கண்தான் லண்டனை அடுத்த சதர்க் பகுதியின் டபார்ட் சத்திரத்தில் கூடிய 29 யாத்திரிகர்களையும் பார்க்கிறது.

அவர்களில் நைட் ஒருவரும் உண்டு. அவரைச் சாசர் உயர்வாகத்தானே பேசுகிறார் என்று எதிரணியில் ஓர் அம்மையார் கேட்டார். உயர்வாகத்தான் பேசுகிறார். ஆனால் அம்மா, அந்த நைட்டின் சட்டையைப் பார்த்தீர்களா? முரட்டுத் துணி, அதில் இரும்புக் கவசத்தின் துருக்கறை. காவியத்தில் கவசம் மின்னும். அதன் அடியில் அழுக்கான சட்டை கண்ணில் படாது. துணி துவைப்பவருடைய கண்ணோடு சாசர் பார்த்திருக்கிறார்.

வழியில் ஆளாளுக்குக் கதை சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. முதல் கதை யாருக்கு என்று சீட்டுப் போடுகிறார்கள். நைட்டுக்கு விழுகிறது. இரண்டு வீரர்கள் ஒரே பெண்ணுக்காக அடித்துக்கொள்ளும் கதை. அந்தப் பெண் எமிலி, தான் மணமே செய்துகொள்ளாமல் இருக்க வேண்டும் என்று டயானா தேவியிடம் வேண்டுகிறாள். கேட்பார் இல்லை. கதை முடிந்ததும் எல்லாரும் பாராட்டுகிறார்கள். அடுத்து ஒரு துறவியைச் சத்திரக்காரர் ஹாரி பெய்லி அழைக்கிறார். அவர்தான் அந்த யாத்திரையின் நடுவர். தம் தீர்ப்பை மீறுகிறவர் வழிச் செலவு முழுவதையும் கட்ட வேண்டும் என்பது அவர் போட்ட நிபந்தனை. நம் நடுவர் இவ்வளவு கடுமை காட்டமாட்டார் என்று நம்புகிறேன்.

அப்போதுதான் மாவு ஆலைக்காரன் குறுக்கே வருகிறான். குடித்த குடியில் குதிரைமேல் நிமிர்ந்து உட்கார முடியவில்லை. "உன்னைவிடத் தகுதியானவர் ஒருவர் முதலில் சொல்லட்டும்" என்கிறார் ஹாரி பெய்லி. என்னைப் பேசவிடாவிட்டால் என் வழியைப் பார்த்துப் போகிறேன் என்கிறான் அவன். பெய்லி அலுத்துப்போய், சொல்லித் தொலை என்கிறார். வரிசையில் நைட், துறவி என்று அந்தஸ்துப்படி போக வேண்டிய பேச்சு அந்தக் குடிகாரனால் உடைகிறது. எந்த வீரர் காவியத்தில் ஓர் ஆலைக்காரன் நைட்டுக்குப் பதில் சொல்லியிருக்கிறான்?

ஆர்தரின் நைட்டான கவைனின் காவியத்தை எதிரணி இளைஞர் ஒருவர் உருகிச் சொன்னார். அழகான காவியம். உயிருக்கு அஞ்சி, உயிர் காக்கும் என்று நம்பிய பச்சைக் கச்சையை மறைத்துவைத்துவிட்டுப் பின்னர் நாணிச் சிவக்கும் கவைனை எனக்கும் பிடிக்கும். ஆனால் அவனுக்கு வழிகாட்ட ஒரு பணியாள் வருகிறானே, அவன் என்ன பேசுகிறான்? "ஓடிப்போய்விடுங்கள், நான் யாரிடமும் சொல்லமாட்டேன்" என்கிறான். ஏவலாள் வாய் திறந்தால் கோழைத்தனம்தான் வரும் என்பது அங்கே கணக்கு. மாலரியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வட்ட மேசைக் கதை முழுவதையும் உரைநடையில் தொகுத்த அவர், தம்மைச் சிறைக்கைதியான நைட் என்றே எழுதிவைத்திருக்கிறார்.

பெண்ணைக் காப்பவன் நைட் என்றார்கள். சாசரின் யாத்திரிகர்களில் ஒருத்தியான பாத் நகரத்துப் பெண்மணியைக் கேட்போம். துணி நெய்பவள், ஐந்து கணவர்களைக் கண்டவள், மூன்று முறை ஜெருசலேம் போய் வந்தவள், ஒரு காது கேளாதவள். அந்தக் காது எப்படிப் போனது? ஐந்தாம் கணவன் இரவெல்லாம் பெண்களைப் பழிக்கும் நூலை உரக்கப் படித்தான். பொறுக்க முடியாமல் ஏடுகளைக் கிழித்தாள். அடித்தான். காது போயிற்று. அவள் கேட்கும் ஒரு கேள்வி: சிங்கத்தின் படத்தை வரைந்தது யார்? மனிதன் வரைந்தால் சிங்கம் தோற்கத்தான் செய்யும். பெண்கள் கதை எழுதியிருந்தால் ஆண்களின் கொடுமை ஏடு கொள்ளாது என்கிறாள்.

பிறகு அவள் சொல்லும் கதையும் ஆர்தர் காலத்துக் கதைதான். தொடக்கத்திலேயே ஒரு நைட் வழியில் தனியாகப் போகும் பெண்ணைக் கெடுக்கிறான். வட்ட மேசையில் எதிரணி துடைக்காமல் விட்ட கறை இது.

எங்கள் தரப்பிலும் குறை உண்டு, மறைக்கமாட்டேன். 1381 ஜூனில் தலைவரி பொறுக்காத கென்ட் மக்கள் அதே காண்டர்பரியிலிருந்து லண்டனுக்கு நடந்து, காண்டர்பரிப் பேராயர் சட்பரியின் தலையையே வெட்டினார்கள். சாசர் அதை ஒரு கோழிக் கதையில், நரியைத் துரத்தும் கூச்சலுக்கு உவமையாக மட்டும் தொட்டுவிட்டு நகர்கிறார். வண்டி வண்டியாக எரு சுமந்த உழவனை யாத்திரையில் சேர்த்தவர், அவனுக்கு ஒரு கதை தரவில்லை. எனக்கு அதில் வருத்தம்தான். ஆனாலும் சத்திரத்தில் அவனுக்கு ஓர் இடம் இருந்தது.

நடுவர் அவர்களே, கை மணிப்பக்கம் போவது தெரிகிறது. ஒரு நிமிடம். சாசர் தாமே ஒரு யாத்திரிகராக நின்று முதலில் சொல்லும் கதை எது தெரியுமா? சர் தோபாஸ் என்ற நைட்டின் கதை. ரொட்டிபோல் வெளுத்த முகம், ரோஜா உதடு. தேவதை அரசியைத் தேடிப் போகிறான், அரக்கன் குறுக்கிடுகிறான், கவசத்தை மறந்துவிட்டேன், நாளைக்கு வருகிறேன் என்று குதிரையைத் திருப்புகிறான். பாட்டு டக்கு டக்கு என்று ஓடுகிறது. பாதியில் ஹாரி பெய்லி கையமர்த்திவிட்டார். போதும், காது வலிக்கிறது என்றார்.

அவர் எந்தக் கதையை நிறுத்தினார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் அமர்கிறேன்.