இந்தியாவா மலேசியாவா: செந்தூல் மண்டபத்தில் பேசியது

(மலேசியா இந்தியா ஹாக்கி ஆட்டத்தைப் பற்றிச் சனிக்கிழமை இரவு கோலாலம்பூர் செந்தூலில் கோயில் மண்டபத்தில் பேசியது. வர முடியாதவர்கள் கேட்டதால், பேசியபடியே எழுதித் தருகிறேன்.)

அனைவருக்கும் வணக்கம். ஆலயத் தலைவர் ஐயா அவர்களே, இவ்வளவு வேலைக்கு நடுவில் நேரம் ஒதுக்கி வந்திருக்கும் மாண்புமிகு நாடாளுமன்ற உறுப்பினர் அவர்களே, எப்போது கூப்பிட்டாலும் மறுக்காமல் வரும் டத்தோ அவர்களே, தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியை அம்மா அவர்களே, பெற்றோர் ஆசிரியர் சங்கத்துப் பொறுப்பாளர்களே, பின்னால் நாற்காலி கிடைக்காமல் நிற்கும் தம்பிமார்களே, அடுக்களையில் நமக்காகத் தேநீர் போட்டுக்கொண்டிருக்கும் அக்காமார்களே. டத்தோ அவர்களுக்குத் தனியாக ஒரு நன்றி சொல்ல வேண்டும். ஆட்டத்தன்று இதே மண்டபத்தில் பெரிய திரை வைக்கும் செலவு முழுவதையும் அவரே ஏற்றுக்கொண்டிருக்கிறார். ஒரு பலத்த கைத்தட்டு கொடுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மலேசியா இந்தியா ஹாக்கி ஆட்டம் வருகிறது. இரண்டு வாரமாகச் செந்தூலில் எந்தக் கடையில் பசியாற உட்கார்ந்தாலும் இதே பேச்சுதான். நேற்றுக் காலையில் இரண்டு பேர் தே தாரிக் ஆறிப்போகும் வரைக்கும் வாதாடினார்கள். ஒருவர், "அண்ணே, பாரிஸில் வெண்கலம் வாங்கிய அணி, அதற்கு முன்னால் தோக்கியோவிலும் வெண்கலம், நாம் ஒலிம்பிக் பக்கம் போயே 2000ஆம் ஆண்டு சிட்னியோடு சரி, எப்படி ஜெயிப்போம்?" என்கிறார். இன்னொருவர், "2018 ஜகார்த்தாவை மறந்துவிட்டாயா தம்பி? ஆசிய விளையாட்டு அரையிறுதியில் 2-2, அப்புறம் ஷூட்-அவுட்டில் 7-6, கோல் கம்பத்தில் நின்றது யார், நம் குமார்!" என்று மேசையைத் தட்டுகிறார். இரண்டு பேரும் சொன்னது உண்மை. அதனால்தான் வாதம் முடியவில்லை.

இன்று மூன்று விஷயம் பேசப் போகிறேன். ஒன்று, பெனால்டி கார்னர். இரண்டு, கடைசிப் பதினைந்து நிமிடத்தில் நம் ஆட்டக்காரர்களின் மூச்சு. மூன்று, ஆட்டத்தன்று நாம் யாருக்குக் கைதட்டுவது.

பெனால்டி கார்னரை எடுத்துக்கொள்ளுங்கள். தடுக்கிற பக்கம் கோல் வட்டத்துக்குள் தப்பு செய்தால் எதிரணிக்குக் கிடைக்கிற வாய்ப்பு அது. தடுக்கிற பக்கம் கோல்கீப்பரோடு சேர்த்து ஐந்து பேர்தான் கோட்டுக்குப் பின்னால் நிற்கலாம், மற்றவர்களெல்லாம் நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட வேண்டும். பந்து உள்ளே வரும், ஒருவர் நிறுத்துவார், இன்னொருவர் அதை மட்டையோடு இழுத்து வீசுவார். இந்தியாவுக்கு ஹர்மன்பிரீத் சிங் அப்படித்தான் கோலாகப் போட்டுத் தள்ளினார், நமக்கு ராஸி ரஹிம். அந்த டிராக் ஃபிளிக்கைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், ஆள் கிட்டத்தட்டத் தரையோடு தரையாகப் போய்விடுவார், முழங்கால், இடுப்பு, முதுகு எல்லாம் வளையும். பெரியவனான பிறகு அதைக் கற்றுக்கொடுக்க நான் முயன்றிருக்கிறேன். வராது. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா? ஹாக்கி மொத்தமும் குனிகிற விளையாட்டு. எட்டு வயதில் குனியப் பழகாத முதுகு பதினெட்டில் குனியாது.

இந்தப் பழமொழியை நான் ஓயாமல் சொல்கிறேன் என்று வீட்டில் பிள்ளைகள் குறைப்படுகிறார்கள். அது என் அப்பா எனக்குக் கொடுத்தது. எப்படிக் கொடுத்தார் என்று சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1975 மார்ச் மாதம். உலகக் கிண்ணம் நம் கோலாலம்பூரிலேயே நடக்கிறது. எனக்குப் பதினொரு வயது. அப்பா இங்கே ரயில்வே பட்டறையில் வேலை. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து சின்ன வயதில் கப்பலேறி வந்தவர், இந்தியா என்றால் உயிர். என் தாய்மாமன் இங்கேயே பிறந்தவர், லாரி ஓட்டினார், அவருக்கு மலேசியா. அரையிறுதியில் வந்து நிற்பது யார்? மலேசியாவும் இந்தியாவும். வீட்டில் இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. அம்மா புளிச்சாதம் கட்டிக் கொடுத்து, "வாயை வைத்துக்கொண்டு சும்மா இருங்கள் இரண்டு பேரும்" என்று சொல்லி அனுப்பினார். மாமாவின் மோட்டாரில் மூன்று பேர், நான் நடுவில்.

மெர்டேக்கா அரங்கத்தில் நிற்க இடமில்லை. முதலில் நம்மவர்கள் கோல் போட்டார்கள், மாமா என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். இந்தியா சமன் செய்தது, அப்பா என்னை மாமாவின் தோளிலிருந்து இறக்கிவிட்டார்! மறுபடி மலேசியா முந்தியது. அப்போது நடந்ததுதான் நான் சாகும்வரை மறக்காதது. அரங்கம் முழுக்க ஆட்டக்காரர்களின் பெயரைச் சொல்லிக் கத்துகிறது. அணித்தலைவர் சண்முகநாதன், மகேந்திரன், பாலசிங்கம் என்று பெயர்கள் காதில் விழ விழ, இந்தியாவுக்கென்று வந்த என் அப்பா மெதுவாக எழுந்து நிற்கிறார். கையில் புளிச்சாதப் பொட்டலம். "நம்ம பையன்கள்டா" என்கிறார். மாமா திரும்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை, நகர்ந்து நல்ல இடத்தைக் கொடுத்தார்.

ஆட்டம் முடிய ஐந்து நிமிடம். இந்தியாவுக்கு ஒரு பெனால்டி கார்னர். வெளியே உட்கார்ந்திருந்த அஸ்லம் ஷேர் கானை உள்ளே அனுப்புகிறார்கள். அவர் கழுத்திலிருந்த தாயத்தை முத்தமிட்டுவிட்டு அடித்தார் என்பது பிற்பாடு எழுதியதைப் படித்துத் தெரிந்துகொண்டது, நாங்கள் இருந்த தூரத்துக்கு அதெல்லாம் தெரியவில்லை. கோல். 2-2. கூடுதல் நேரத்தில் ஹர்சரண் சிங் இன்னொன்று. 3-2. அப்பாவின் இந்தியா ஜெயித்துவிட்டது. அந்த இந்தியாதான் இரண்டு நாள் கழித்து மார்ச் 15ஆம் தேதி பாகிஸ்தானை 2-1 என்று வென்று கிண்ணத்தைத் தூக்கியது. நாம் நான்காவது இடம். உலகக் கிண்ணத்தில் அதைவிட மேலே நாம் இன்று வரை போனதில்லை.

வெளியே வந்ததும் மாமா, "உங்க ஊரு ஜெயிச்சிடுச்சே மச்சான், சிரிங்களேன்" என்றார். அப்பா சிரிக்கவில்லை. மோட்டாரில் ஏறவும் இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு மெர்டேக்காவிலிருந்து செந்தூல் வரைக்கும் நடந்தே வந்தார், வழியில் ஒரு பேச்சும் கிடையாது. மறுநாள் காலையில் எழுந்து பார்க்கிறேன், வீட்டுக்குப் பின்னால் இருந்த கொய்யா மரத்தில் ஒரு கிளையை வெட்டி வைத்திருக்கிறார். வெந்நீர் அடுப்புத் தணலில் அதைத் திருப்பித் திருப்பிக் காட்டி, நுனியைக் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்து, சணல் கயிறு போட்டு இறுக்கிக் கட்டிக் கூரையில் தொங்கவிட்டார். நான் அவசரப்பட்டு ஏற்கெனவே காய்ந்து கிடந்த ஒரு குச்சியை எடுத்து வளைத்தேன், படக்கென்று ஒடிந்தது. "பச்சையா இருக்கும்போதே வளைக்கணும்டா. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்றார். அதுதான் என் முதல் ஹாக்கி மட்டை. அதை வைத்து ரயில்வே வீடுகளுக்குப் பின்னால் இருந்த புல்லில் ஆடினேன், அப்புறம் பள்ளி அணிக்கு ஆடினேன், பிற்பாடு முப்பது வருடம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தேன்.

நான் ஏன் இவ்வளவு நேரம் இதைச் சொல்கிறேன்? 1975இல் ஒரு கொய்யாக் கிளையும் ஒரு புல்தரையும் போதும். மறு வருடமே, 1976இல், மொண்ட்ரியல் ஒலிம்பிக்கில் செயற்கைத் தரை வந்தது, ஆட்டத்தின் வேகமே மாறிப்போனது. பந்து குதிக்காமல் ஓடுகிறது, தரைக்குத் தண்ணீர் அடிக்க வேண்டும், போடுவதற்கு லட்சக்கணக்கில் ரிங்கிட். அந்தத் தரையில் கால் வைத்து வளர்ந்த பிள்ளைதான் மேலே போகிறான். சண்முகநாதன், மகேந்திரன், பாலசிங்கம், பத்மராஜா என்று அன்றைய அணியின் தமிழ்ப் பெயர்களை விரல் விட்டு எண்ணுங்கள், அப்புறம் இன்றைய பட்டியலையும் கையில் வைத்துக்கொண்டு எண்ணுங்கள். குறை பிள்ளைகளிடம் இல்லை. நாட்டில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அதில் எத்தனை பள்ளியில் ஒரு பிள்ளை ஹாக்கி மட்டையைக் கையால் தொட்டிருக்கும்? நான் கேட்டுப் போன ஒரு பள்ளியில் திடலே கிடையாது, காலைச் சபைகூடல் நடக்கிற சிமெண்டுத் தளம்தான். இன்னொரு இடத்தில் பக்கத்துப் பொதுத்திடலைச் சனிக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம் கேட்டு எழுதினோம். மூன்று கடிதம், ஏழு மாதம், பதில் இல்லை. மாண்புமிகு அவர்கள் முன்னால் இருக்கிறார்கள் என்பதால் இதை மேடையிலேயே சொல்கிறேன், கோபத்தில் சொல்லவில்லை, உரிமையோடு கேட்கிறேன்.

கேட்பதும் பெரிதாக ஒன்றுமில்லை. செயற்கைத் தரை வேண்டாம். அந்தச் சிமெண்டுத் தளமே போதும், பக்கத்துக்கு ஐந்து பேராக ஆடலாம். இருபது சின்ன மட்டை, ஒரு டஜன் பந்து, கோல்கீப்பருக்கு இரண்டு செட் காப்புறை, சனிக்கிழமை காலையில் ஒரு பயிற்றுநர். பயிற்றுநருக்குக் கூலி வேண்டாம், நான் இருக்கிறேன், என்னோடு ஆடிய நாலு பேர் இன்னும் திடமாக இருக்கிறார்கள். எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளைக் கொடுங்கள். ஆண் பிள்ளை பெண் பிள்ளை இரண்டும். தேர்வு இருக்கிறது, டியூஷன் இருக்கிறது என்று பெற்றோர் சொல்வீர்கள், தெரியும். இரண்டு மணி நேரம்தானே கேட்கிறேன். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா அம்மா?

இரண்டாவது விஷயத்துக்கு, கடைசி நேர மூச்சுக்கு வருகிறேன். 2023 ஆகஸ்டில் சென்னையில் ஆசிய சாம்பியன்ஸ் கிண்ண இறுதியாட்டம் ஞாபகம் இருக்கிறதா? பாதி ஆட்டம் முடியும்போது நாம் 3-1 என்று முன்னால். எழும்பூர் ராதாகிருஷ்ணன் அரங்கத்தில் அத்தனை தமிழர்களும் இந்தியாவுக்குக் கத்துகிறார்கள், இங்கே செந்தூலில் நாம் தொலைக்காட்சி முன்னால் மலேசியாவுக்குக் கத்துகிறோம். மூன்றாம் பகுதி முடிகிற அந்த ஒரே நிமிடத்தில் இரண்டு கோல் வாங்கினோம், 56ஆம் நிமிடத்தில் இன்னொன்று, 4-3. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இந்தமுறையும் பயம் அந்தக் கடைசி நேர மூச்சில்தான்.

மூன்றாவது, யாருக்குக் கைதட்டுவது? நான் மலேசியாவுக்கு. என் அப்பா எழுந்து நின்ற இடத்திலிருந்து நான் இன்னும் உட்காரவில்லை. இந்தியாவுக்குக் கைதட்டுகிற அண்ணன்மார்களும் வாருங்கள், பக்கத்திலேயே உட்காருங்கள், உங்களோடு எனக்கு ஒரு மனத்தாங்கலும் கிடையாது.

ஆட்டத்தன்று ஆறு மணிக்கே மண்டபம் திறந்திருக்கும், அக்காமார்கள் புளிச்சாதம் செய்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். வாசலில் நீளமாக ஒரு மேசை போட்டிருப்போம். உங்கள் வீட்டுப் பரணில், கார் பின்பெட்டியில், கதவுக்குப் பின்னால் பழைய ஹாக்கி மட்டை எது கிடந்தாலும் கொண்டுவந்து அதன்மேல் வையுங்கள். கைப்பிடித் துணி கிழிந்திருந்தால் பரவாயில்லை, சுற்றிக்கொள்ளலாம். நீளமாக இருந்தாலும் கொண்டு வாருங்கள், அறுத்துச் சின்னதாக்குவதற்கு ரம்பம் வாங்கி வைத்திருக்கிறேன். இருபது சேர்ந்துவிட்டால் அடுத்த சனிக்கிழமை காலை எட்டு மணிக்குப் பள்ளியில் முதல் வகுப்பு. தலைமையாசிரியை அம்மா இப்போதுதான் சரி என்று தலையாட்டினார்.

வணக்கம்.