கவுன்சலர் தேடுறீங்களா? பேக்கேஜுக்குக் காசு கட்டாதீங்க!

வணக்கம் மக்களே. இன்னிக்கு கொஞ்சம் கோவமாத்தான் கேமராவை ஆன் பண்ணிருக்கேன். இந்த வாரம் ஃபோனைத் திறந்தாலே "பத்து செஷன் பேக்கேஜ், இன்னிக்கே கட்டினா தள்ளுபடி"னு கவுன்சலிங் விளம்பரம். மன ஆறுதல் என்ன, ஆடித் தள்ளுபடியா?

கட்டாதீங்க. முதல் செஷன்ல உங்க கதையைக் கேக்கவே நேரம் சரியாப் போயிடும். ஒரு செஷன்ங்கிறது பொதுவா 45லேர்ந்து 60 நிமிஷம்தான். அந்த ஆளு உங்களுக்கு ஒத்து வருவாரான்னு ரெண்டு மூணு தடவை பேசினாத்தான் தெரியும். 1,500 ரூபா செஷன்னா பத்துக்கு 15,000. அதை மொத்தமாக் கட்டிட்டா, காசு போகுதேன்னே பிடிக்காத ஆளுகிட்ட பத்து வாரம் போய் உக்காருவீங்க. ஒவ்வொரு தடவையும் முடிச்சுட்டுக் காசு குடுங்க.

யார் யாருன்னு போன வீடியோல சொன்னேன், ஒரு வரில மறுபடி. மாத்திரை எழுதுறவர் சைக்கியாட்ரிஸ்ட், எம்பிபிஎஸ் முடிச்சு மேல படிச்ச டாக்டர். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் பேச்சு சிகிச்சை குடுப்பார், மாத்திரை எழுத மாட்டார். அவர் இந்திய மறுவாழ்வு கவுன்சில்ல, அதான் ஆர்சிஐ, பதிவு பண்ணிருக்கணும். வெறும் "கவுன்சலர்"னு போர்டு வச்சிருந்தா சைக்காலஜில எம்எஸ்சியா, இல்ல சமூகப்பணில எம்எஸ்டபிள்யூவா, எத்தனை வருஷம் யார் மேற்பார்வைல வேலை பார்த்தாங்கன்னு கேளுங்க. வார இறுதி வகுப்பு சர்டிஃபிகேட்டைக் காட்டினா எழுந்து வந்துடுங்க.

இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம்! ஆர்சிஐ பதிவை அவங்க வெப்சைட்ல நாமளே சரிபார்க்கலாம். ஆனா பேரைப் போட்டுத் தேடினா நம்ம ஊர் இனிஷியல் கழுத்தறுக்கும். போர்டுல "எஸ். கவிதா"ன்னு இருக்கும், பதிவுல "கவிதா எஸ்"னு இருக்கும், இல்ல அப்பா பேரு முழுசா பின்னாடி ஒட்டியிருக்கும். ஆளே இல்லன்னு நினைச்சுடுவோம். அதனால ஃபோன்லயே சிஆர்ஆர் நம்பரை, அதான் ஆர்சிஐ பதிவு எண்ணை, கேட்டு வாங்கி, அதைப் போட்டுத் தேடுங்க. முறையாப் படிச்சவங்க தயங்காம சொல்லுவாங்க.

அதே ஃபோன்ல தமிழ்ல செஷன் உண்டா, வர முடியலன்னா எவ்ளோ நேரம் முன்னாடி சொல்லணும், இதையும் கேட்டுடுங்க. நீங்க சொல்றதை வீட்டுல சொல்லுவாங்களான்னும் கேளுங்க. 2017 மனநலச் சட்டத்துல ரகசியம் காக்குறது உங்க உரிமை. உயிருக்கு ஆபத்துங்கிற மாதிரி சில விதிவிலக்கு உண்டு, அதை நல்ல ஆளுங்க முதல் நாளே விளக்கிடுவாங்க. டாக்டர் குடுத்த மாத்திரையை "நிறுத்திடுங்க, பேசியே சரி பண்ணலாம்"னு எவராவது சொன்னா அங்க திரும்பிப் போகாதீங்க.

காசு இல்லையா? மாவட்ட அரசு மருத்துவமனைல மனநலப் பிரிவு இருக்கு, காலைலயே போய் ஓபி சீட்டு போடுங்க. தாலுகா மருத்துவமனைன்னா மனநல டாக்டர் வர்ற கிழமையைக் கேட்டுட்டுக் கிளம்புங்க, இல்லன்னா பஸ் காசு வீண். சென்னைல கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை இருக்கு, 1794லேர்ந்து. பேர் சொன்னாலே மூஞ்சி சுளிக்கிறவங்க மேல எனக்குக் கோவம் வரும். அங்க புறநோயாளியாப் பார்த்துட்டு அன்னிக்கே வீட்டுக்குத் திரும்பலாம்.

ஐயோ, முதல்லயே சொல்லிருக்கணும்! பல நாளா தூக்கமே இல்ல, காதுல குரல் கேக்குது, சாகணும்னு தோணுதுன்னா கவுன்சலர் தேடிட்டு உக்காராதீங்க, நேரா டாக்டர்கிட்ட போங்க. 14416க்கு ஃபோன் பண்ணுங்க, அது டெலிமானஸ்ங்கிற அரசு மனநல உதவி எண், 24 மணி நேரமும் இலவசம், தமிழ்ல பேசலாம்.

இன்னொண்ணு. முதல் தடவை போறப்போ இப்ப சாப்பிடுற மாத்திரை அட்டை எல்லாத்தையும் பையில போட்டுக்கோங்க, தைராய்டு, சுகர் மாத்திரை உட்பட. பேரு தெரியற பக்கமாக் கிழிச்சுப் போட்டிருப்பீங்க, அதனால டாக்டர் எழுதிக் குடுத்த பழைய மருந்துச் சீட்டும் சேர்த்து எடுத்துக்கோங்க.