அந்த 3 ரூபாய் 40 காசு: நேர்க்கோட்டுச் சமன்பாடும் வரைபடமும்

[திரையில்: ஆட்டோ மீட்டர். எண் 25.00-இல் நிற்கிறது.]

வணக்கம். மீட்டர் போட்டு ஓடும் ஆட்டோ ஒன்றில் ஏறி உட்கார்ந்திருக்கிறீர்கள். நம்புவது கொஞ்சம் கடினம்தான், கணக்குக்காக நம்பிவிடுங்கள். 2013 ஆகஸ்டில் தமிழக அரசு சென்னை ஆட்டோக்களுக்கு ஒரு கட்டணம் நிர்ணயித்தது. முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய். அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். இன்று வரையப்போகும் கோடு இந்த இரண்டு வரிக்குள் ஒளிந்திருக்கிறது.

போகும் தூரம் எக்ஸ். கொடுக்கும் பணம் ஒய். தூரத்தைப் பொறுத்துத்தான் பணம் மாறுகிறது. ஆகவே தூரம் படுக்கை அச்சில், பணம் நிமிர்ந்த அச்சில்.

5 கிலோமீட்டர் போனால் எவ்வளவு? 1.8 போக மீதி 3.2. அதை 12-ஆல் பெருக்கினால் 38 ரூபாய் 40 காசு. முதலில் வந்த 25-ஐச் சேர்த்தால் 63 ரூபாய் 40 காசு. சரிதான். ஆனால் ஒவ்வொரு முறையும் 1.8-ஐக் கழித்துக்கொண்டிருக்க யாருக்குப் பொறுமை இருக்கிறது? வேறு வழியில் பார்ப்போம். அந்த முதல் 1.8 கிலோமீட்டருக்கும் 12 ரூபாய் வீதமே போட்டிருந்தால் 21 ரூபாய் 60 காசு வந்திருக்கும். வாங்குவதோ 25. கூடுதலாகப் போவது 3 ரூபாய் 40 காசு. அதற்குப் பிறகு எத்தனை கிலோமீட்டர் போனாலும் இந்தக் கூடுதல் மாறுவதில்லை.

[திரையில்: ஒய் = 12 எக்ஸ் + 3.40]

நேர்க்கோட்டுச் சமன்பாடு வந்துவிட்டது. எக்ஸ் பக்கத்தில் நிற்கும் 12-க்குச் சாய்வு என்று பெயர். இலங்கைப் பாடநூல்களில் இதையே படித்திறன் என்பார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிக்கும். ஒரு படி முன்னே வைத்தால் எவ்வளவு மேலே ஏறுகிறோம் என்பது சொல்லிலேயே தெரிகிறது. தனியாக நிற்கும் 3.40, வெட்டுத்துண்டு. கோடு நிமிர்ந்த அச்சை வெட்டும் இடம் அது. பாடநூலில் ஒய் = எம் எக்ஸ் + சி என்று எழுதியிருப்பது இதைத்தான்.

[திரையில்: வரைபடத்தாள், பென்சில், ஸ்கேல்.]

இனி வரையலாம். முதலில் அளவுத்திட்டம். படுக்கை அச்சில் 1 செ.மீ. என்றால் 1 கிலோமீட்டர். நிமிர்ந்த அச்சில் 1 செ.மீ. என்றால் 10 ரூபாய். இதைத் தாளின் மேல் மூலையில் இப்போதே எழுதிவிடுங்கள். பரீட்சையில் கோட்டை அழகாக வரைந்துவிட்டு மதிப்பெண்ணை இங்கேதான் தொலைக்கிறோம்.

கோடு போட இரண்டு புள்ளிகள் போதும். நான் எப்போதும் மூன்று வைப்பேன். இரண்டு புள்ளிகளில் ஒன்று தப்பாக இருந்தாலும் ஸ்கேல் பேசாமல் ஒரு கோட்டைப் போட்டுக் கொடுத்துவிடும். மூன்றாவது புள்ளிதான் காட்டிக்கொடுக்கும். எக்ஸ் 5 என்றால் ஒய் 63.40. எக்ஸ் 7 என்றால் 87.40. எக்ஸ் 10 என்றால் 123.40. புள்ளிகளை ஒன்றுக்கொன்று தள்ளியே வையுங்கள். அருகருகே வைத்தால் பென்சில் முனையின் தடிமனே கோட்டைச் சாய்த்துவிடும்.

[திரையில்: மூன்று புள்ளிகளும் ஸ்கேலின் விளிம்பில். கோடு கீழ்நோக்கி நீள்கிறது. 1.8-க்கு இடப்பக்கம் விட்டுவிட்டுப் போட்ட கோடுகள்.]

கோட்டைப் பின்னால் நீட்டினால் நிமிர்ந்த அச்சை 3.40-இல் தொடுகிறது. ஆனால் இந்தத் தொகையை மட்டும் யாரும் எந்த ஆட்டோவிலும் கொடுத்ததில்லை. ஏறி உட்கார்ந்தாலே 25. அதனால் உண்மையான வரைபடத்தில் 0-இலிருந்து 1.8 வரை 25 ரூபாய் உயரத்தில் ஒரு படுக்கைக் கோடு, அங்கே சாய்வு பூச்சியம். 1.8-இல் நம் கோடு அதோடு வந்து சேர்ந்து மேலே ஏறுகிறது. 3.40 என்பது மீட்டரில் ஒருபோதும் தெரியாத, ஆனால் ஒவ்வொரு சவாரியிலும் நாம் கட்டும் பணம்.

இன்னொன்று. நிமிர்ந்த அச்சில் 1 செ.மீ.-க்கு 50 ரூபாய் என்று வைத்திருந்தால் இதே கோடு படுத்துக்கிடக்கும். சாய்வு அப்போதும் 12தான். கோட்டின் தோற்றத்தை நம்பாதீர்கள், அச்சில் இருக்கும் எண்களைப் படியுங்கள்.

“மீட்டருக்கு மேல் 20 ரூபாய் கொடுங்கள்” என்று ஓட்டுநர் கேட்டால் கோட்டுக்கு என்ன ஆகும்? கிலோமீட்டருக்கு அதே 12. வெட்டுத்துண்டு மட்டும் 23.40. பழைய கோட்டுக்கு இணையாக ஒரு கோடு, 2 செ.மீ. மேலே. இரண்டும் எங்கேயும் சந்திக்காது. இரவுக் கட்டணம் வேறு மாதிரி. அது ஒன்றரை மடங்கு. சாய்வும் பெருகுகிறது, வெட்டுத்துண்டும் பெருகுகிறது: ஒய் = 18 எக்ஸ் + 5.10. தூரம் போகப்போக பகல் கோடும் இரவுக் கோடும் விலகுகின்றன. 10 கிலோமீட்டரில் பகலுக்கு 123.40, இரவுக்கு 185.10. பக்கத்துத் தெருவுக்கு 20 ரூபாய் கூடுதல் வலிக்கும், தொலைதூரத்துக்கு ஒன்றரை மடங்கு வலிக்கும். 20 ரூபாய் கூடுதல் கோட்டையும் இரவுக் கோட்டையும் ஒரே தாளில் வரைந்து, எங்கே வெட்டுகின்றன என்று பாருங்கள். 3 கிலோமீட்டர் தாண்டியதும் வெட்டும்.

இதுவரை ஏறும் கோடுகள். இறங்கும் கோடு ஒன்றையும் பார்த்துவிடலாம்.

[திரையில்: ஸ்கேலுக்குப் பக்கத்தில் நட்டுவைத்த ஊதுபத்தி.]

இந்த ஊதுபத்தியில் எரியும் பகுதி 20 செ.மீ. இரண்டு நிமிடத்துக்கு 1 செ.மீ. வீதம் குறைவதாகக் கொள்வோம். அப்படியானால் நிமிடத்துக்கு அரை செ.மீ. போகிறது. இங்கே எக்ஸ் என்பது நிமிடம், ஒய் என்பது மிச்சமிருக்கும் நீளம்.

[திரையில்: ஒய் = −0.5 எக்ஸ் + 20]

சாய்வுக்கு முன்னால் கழித்தல் குறி. இடமிருந்து வலமாகக் கோடு இறங்குகிறது. 20 நிமிடத்தில் 10 செ.மீ. மிச்சம். ஒய்க்குப் பூச்சியம் போட்டால் எக்ஸ் 40. அங்கே கோடு படுக்கை அச்சைத் தொடுகிறது, ஊதுபத்தி அணைகிறது. சமன்பாடு அதோடு நிற்காது. 50 போட்டால் மைனஸ் 5 செ.மீ. என்று கூசாமல் பதில் சொல்லும். ஆகவே 40-இல் பென்சிலைத் தூக்கிவிடுங்கள்.