ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு கரண்டி

நேயர்களுக்கு வணக்கம். குழந்தைகள் வார்டில் வேலை செய்யும் செவிலியர்களோடு இன்று பேச வந்திருக்கிறேன். வயிற்றுப்போக்கோடு வரும் குழந்தையைப் பற்றித்தான் பேச்சு.

முதலில் நீரிழப்பைப் பார்க்க வேண்டும். தொப்புளுக்கும் விலாப் பக்கத்துக்கும் நடுவில், உடம்பின் நீளவாக்கில் தோலைக் கிள்ளி ஒரு நொடி பிடித்து விடுங்கள். மடிப்பு மெதுவாகப் படிந்து, கண்களும் குழி விழுந்திருந்தால் மிதமான நீரிழப்பு. 2 நொடிக்கு மேல் மடிப்பு நின்று, குழந்தையும் துவண்டிருந்தால் தாமதிக்காமல் மருத்துவரை அழையுங்கள். அது நரம்பு வழியே திரவம் ஏற்ற வேண்டிய குழந்தை. ஒன்றை மறக்காதீர்கள்: எலும்பும் தோலுமாக இருக்கிற குழந்தைக்கு நீரிழப்பு இல்லாமலே தோல் மெதுவாகத்தான் படியும். அந்தக் குழந்தைக்குச் சிகிச்சை முறையே வேறு, மருத்துவர் சொல்கிற அளவில்தான் கொடுக்க வேண்டும்.

மிதமான நீரிழப்புக்குக் கிலோவுக்கு 75 மில்லி ஓ.ஆர்.எஸ். (உப்பு-சர்க்கரைக் கரைசல்), 4 மணி நேரத்தில். 10 கிலோ குழந்தைக்கு 750 மில்லி. அம்மாவிடம் "முக்கால் லிட்டர்" என்றால் மலைத்துப் போவார். "ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு டீஸ்பூன்" என்று சொல்லுங்கள், கணக்கு ஏறக்குறைய அதுவேதான். வேகமாகப் புகட்டினால் வாந்தி வரும். வந்தால் 10 நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாகத் தொடங்கலாம். இமை வீங்கினால் ஓ.ஆர்.எஸ்.ஸை நிறுத்திவிட்டு, தாய்ப்பாலோ வெறும் தண்ணீரோ கொடுக்கச் சொல்லுங்கள்.

பெரும்பாலும் தவறு நடப்பது கலக்கும்போதுதான். கடையில் 1 லிட்டர் பொட்டலமும் உண்டு, 200 மில்லி பொட்டலமும் உண்டு. பெரிய பொட்டலத்தை ஒரு டம்ளரில் கொட்டினால் உப்பு ஐந்து மடங்காகிவிடும். ரத்தத்தில் சோடியம் ஏறி, வலிப்புகூட வரலாம். பாதிப் பொட்டலத்தைக் கலந்து மீதியை மடித்து வைப்பதும் சரியில்லை, பாதி என்பது கண் மதிப்புதானே!

அதனால் "புரிஞ்சுதாம்மா?" என்று கேட்காதீர்கள். பயந்துபோய் நிற்கும் எந்த அம்மாவும் தலையாட்டத்தான் செய்வார். பொட்டலத்தைக் கையில் கொடுத்து, "வீட்ல எப்படிக் கலப்பீங்க, எனக்குச் செஞ்சு காட்டுங்கம்மா" என்று கேளுங்கள். எதில் அளக்கிறார், அச்சிட்ட அளவைப் பார்க்கிறாரா, முழுப் பொட்டலத்தையும் போடுகிறாரா என்று பக்கத்திலிருந்து பாருங்கள். தவறினால் கடிந்துகொள்ளாமல் அந்த ஒரு படியை மட்டும் திரும்பச் செய்ய விடுங்கள். வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்வது பாட்டியாக இருந்தால் அவரையும் கலந்து காட்டச் சொல்லுங்கள். சோறு போடாதே, பால் கொடுக்காதே என்று சொல்பவரும் சில வீடுகளில் அவர்தான். தாய்ப்பாலையும் வழக்கமான சாப்பாட்டையும் நிறுத்தக் கூடாது என்பதை அவர் காதில் நேரே போடுங்கள். கலந்த கரைசலில் மீதி இருந்தால் 24 மணி நேரத்தில் கொட்டிவிட வேண்டும்.

துத்தநாக (ஜிங்க்) மாத்திரை தினம் 20 மில்லிகிராம். 2 முதல் 6 மாதக் குழந்தைக்குப் பாதி, கரண்டியில் தாய்ப்பாலோடு கரைத்து. பேதி நின்றதும் வீட்டில் மாத்திரையையும் நிறுத்திவிடுவார்கள். அப்படி நிறுத்தாமல் 14 நாளும் கொடுக்க வேண்டும். கடைசி நாளின் தேதியைச் சீட்டில் எழுதி, வாசித்துக் காட்டி அனுப்புங்கள்.